பாதிப் பாறையில் இறங்கி வந்தோம்

நம் பள்ளி ஆண்டு மலரில் சுற்றுலாக் கட்டுரை ஒன்று தவறாமல் இடம்பெறும். மைசூர் அரண்மனையும் பிருந்தாவனமும் அதில் கட்டாயம் வரும். நாங்களும் அந்தத் திசையில்தான் போனோம். ஆனால் அரண்மனையைப் பார்க்கவில்லை. வழியில் ராமநகரத்தோடு நின்றுகொண்டோம். அங்கே பாறை ஏறினோம். சரியாகச் சொன்னால், முதல் நாள் ஏறினோம். இரண்டாம் நாள் பாதியில் இறங்கிவிட்டோம். அந்தப் பாதியைப் பற்றித்தான் இப்போது பேச்செல்லாம். "உச்சிக்குக்கூடப் போகாமல் திரும்பி வருவதற்கா இத்தனை செலவு? அடுத்த ஆண்டு இது வேண்டாம்" என்று பெற்றோர் கூட்டத்தில் சிலர் சொன்னார்களாம். போய் வந்த பதினோராம் வகுப்பு மாணவியராகிய எங்களுக்கும் இதில் ஒரு கருத்து உண்டு. பெரியவர்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

செம்பரம்பாக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு உயரம் என்றால் ஏரிக்கரைதான். நிறைந்தால் 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவும் உள்ள ஏரி. சென்னைக்குக் குடிநீர் கொடுப்பது. ஆனால் கரைமேல் ஏறி நின்றால் நாலாபுறமும் தட்டையான பூமி. குன்றத்தூர்க் குன்றுக்கும் பரங்கிமலைக்கும் படிக்கட்டு இருக்கிறது. அங்கே ஏறுவதும் நடப்பதும் ஒன்றுதான். ஒரு வேடிக்கை பாருங்கள். பரங்கிமலைப் பக்கத்துத் தட்டை நிலத்தில்தான் 1802இல் லாம்டன் துரை தம் நில அளவைக்கு அடிக்கோடு அளந்தார். அந்த அளவை வடக்கே நீண்டு நீண்டு, ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு எவரெஸ்டின் உயரத்தைக் கணக்கிட்டது. தட்டை ஊர்க்காரர்களுக்கும் மலையில் கொஞ்சம் பாத்தியதை உண்டு என்று இதனால் சொல்லிக்கொள்கிறோம்.

அனுமதிக் கடிதம் 32 பேருக்குக் கொடுக்கப்பட்டது. கையெழுத்தோடு திரும்பி வந்தவை 14. மற்ற வீடுகளில் என்ன நடந்தது என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும். "கை காலை ஒடிச்சிக்கிட்டு வந்தா நாளைக்கு எவன்டி கட்டிக்குவான்?" என்று ஒரு பாட்டி கேட்டார். அதற்குப் பதில் சொல்ல எங்களுக்கு மனமில்லை. இன்னொரு தந்தை குரங்கணியை நினைவூட்டினார். அதற்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கியவர்களில் 23 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் சென்னையிலிருந்து போன இளம் பெண்கள். நம் அக்காமார் வயது. அந்தத் தந்தை அஞ்சியது வீண் அச்சம் அன்று. ஆனால் அது மார்ச் மாதம். மலைப்புல் காய்ந்து கிடந்த காலம். அதே ஆண்டில் அரசு மலையேற்றத்துக்கென்று விதிகளும் கொண்டுவந்தது. நாங்கள் மழை ஓய்ந்து புல் பச்சையாக இருக்கும் மார்கழியைக் கேட்டதும், முறைப்படி அனுமதி உள்ள இடத்தைக் கேட்டதும், அந்த இடம் தெரிந்த பயிற்றுநரைக் கேட்டதும் இதற்காகத்தான். விபத்தைப் படித்தவர்கள் நாங்களும்தான்.

முதலில் கையெழுத்திட்ட தாய் யார் தெரியுமா? கட்டட வேலைக்குப் போகும் சித்தாள். கடிதத்தை மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இடுப்புல கயிறு கட்டுவாங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். கட்டுவார்கள் என்றதும், "அப்படின்னா போ. எனக்கு மூணாவது மாடிச் சாரத்துல அதுகூடக் கட்றதில்ல" என்றாராம். தலையில் கலவைச் சட்டியோடு சாரம் ஏறும் பெண்ணைப் பார்த்து, 'பெண்ணுக்கு எதற்கு உயரம்?' என்று ஒருவரும் கேட்டதாக நாங்கள் அறியோம். கூலிக்கு ஏறினால் கேள்வி இல்லை. கற்றுக்கொள்ள ஏறினால்தான் கேள்வி.

கிறிஸ்து பிறப்பு விழா முடிந்த மறுநாள் இரவு கிளம்பினோம். ஊருக்குள்ளேயே ஓடும் பெங்களூரு நெடுஞ்சாலை. அதிலே ஏறினால் விடியும்போது வேறு குளிர். ராமநகரம் பெங்களூருவிலிருந்து மைசூர்ச் சாலையில் சுமார் 50 கிலோமீட்டர். பட்டுக்கூட்டுச் சந்தைக்குப் பேர்போன ஊர். அப்பாக்களுக்கு அது 1975இல் வந்த 'ஷோலே' படம் பிடித்த இடம்; பூகோளப் புத்தகத்துக்கு அது குளோஸ்பேட்டை கிரானைட். ஊரின் பழைய பெயரே கல்லுக்கும் பெயராகிவிட்டது. கல்லின் வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகள் என்கிறார்கள். படத்தில் பார்த்த ராமதேவர பெட்டாவில் ஏற முடியாது. அங்கே கழுகுகள் கூடு வைத்திருப்பதால் 2012இல் அது பிணந்தின்னிக் கழுகுகளின் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. எங்களுக்குக் கிடைத்தது வேறொரு சிறு குன்று. ஏமாற்றமாகத்தான் இருந்தது, அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்ததும் அந்த ஏமாற்றம் போய்விட்டது.

பழகாத கல்லில் எல்லாமே தலைகீழ். பயந்தவுடன் பாறையைக் கட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. கட்டிக்கொண்டால் வழுக்கிவிடும்! உடம்பைப் பாறையிலிருந்து விலக்கி, குதிகாலைத் தாழ்த்தி, எடை முழுவதும் பாதத்தில் இறங்கும்படி நிற்க வேண்டும். அப்போதுதான் செருப்பின் ரப்பர் கல்லைப் பிடிக்கிறது. குளிர்காலம் இதற்கு நல்லது. கை வியர்க்காது, வெயிலில் கல் சுடாது. ஆனால் காலையில் பனி ஈரம் காயும்வரை ஒருவரும் கல்லைத் தொடக்கூடாது. ஒன்பது மணிவரை உட்கார்ந்து தேநீர் குடித்தோம். மேலே ஓரிடத்தில் மலைத்தேன் அடை தொங்கியதால் அந்தப் பக்கம் பேச்சுச் சத்தமும் கூடாது என்றார்கள். பதினான்கு பெண்கள் இரண்டு மணி நேரம் பேசாமல் இருந்தது நம் பள்ளிச் சரித்திரத்தில் அதுவே முதல் முறை என்று உடன் வந்த சிஸ்டர் சொன்னார். அவரும் இடுப்புப் பட்டை கட்டி ஏறினார். பத்தடி. பதினோராவது அடியில் செபமாலையைத் தேடினார், இறக்கிவிட்டோம்.

கயிறு மேலேயிருந்து வருகிறது. ஒருத்தி ஏற, இன்னொருத்தி கீழே நின்று தளர்ச்சியை இழுத்துக்கொண்டே இருப்பாள். ஏறுகிறவள் எட்டு முடிச்சைத் தானும் பார்த்து, கயிறு பிடிப்பவளையும் தொட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். இது ஒவ்வொரு முறையும், நூறாவது முறையும். வகுப்பில் ஆறு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லாத இருவரை வேண்டுமென்றே ஒரே கயிற்றில் போட்டார் பயிற்றுநர் அக்கா. அவர்கள் பேசித்தான் ஆகவேண்டியிருந்தது.

முதல் நாள் இரவு அக்கா ஒரு விதி சொன்னார். "நாளைக்கு உயரமான வழி. உங்களில் எவளாவது ஒருத்தி 'வேண்டாம்' என்றால் எல்லோரும் இறங்குவோம். காரணம் கேட்கக் கூடாது." அப்போது சிரித்தோம்.

மறுநாள் நடுவில் அகலமான ஒரு திட்டுவரை ஒவ்வொருவராக ஏறிச் சேர்ந்தோம். உச்சி கண்ணுக்குத் தெரிந்தது. இன்னும் அறுபதடி இருக்கும். எங்களில் அதிகம் பேசாதவள் ஒருத்தி. பெயர் வேண்டாம். அவள் சொன்னாள்: "அக்கா, எனக்கு வேண்டாம்." அக்கா உடனே இறங்கும் கயிற்றைக் கட்டத் தொடங்கிவிட்டார். எங்களுக்கு வந்த கோபத்தை மறைக்க விரும்பவில்லை. அவளை மட்டும் சிஸ்டரிடம் இறக்கிவிட்டு மற்றவர்கள் போகலாமே என்று இருவர் கேட்டும்விட்டார்கள். "அப்படிச் செய்தால் அடுத்த முறை ஒருத்தியும் வாயைத் திறக்க மாட்டாள்" என்றார் அக்கா.

இறங்கினோம். அதன் பிறகு மழை வந்ததா, காற்று அடித்ததா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒன்றும் இல்லை. மாலைவரை வானம் கண்ணாடி மாதிரி இருந்தது. இறங்கியதுதான் சரி என்று நிரூபிக்க எங்களிடம் எதுவுமே கிடையாது. காரணத்தை அவள் இன்றுவரை சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இருந்தும் நாங்கள் சொல்கிறோம்: செலவழித்த காசுக்கு நாங்கள் கொண்டுவந்தது அந்த இறக்கத்தைத்தான். வீட்டில், பேருந்தில், பெண் பார்க்க வரும் நாளில், ஒரு பெண் 'வேண்டாம்' என்றால் முதலில் வருவது 'ஏன்?' அவள் சொல்லும் காரணம் போதவில்லை என்று அடுத்து வரும். அவள் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லுக்காகப் பதின்மூன்று பேர் தங்கள் ஆசையை மடித்து வைத்துக்கொண்டு இறங்கியதை நாங்கள் வேறெங்கும் பார்த்ததில்லை. பாடத்திட்டத்திலும் அது இல்லை.

உச்சியைத் தொட்டவர்கள் பெரியவர்கள்தான், மறுக்கவில்லை. 1984 மே 23இல் பச்சேந்திரி பாலும், அதே மே 23இல் 39 ஆண்டுகள் கழித்து, 2023இல், தமிழ்நாட்டின் முதல் பெண்ணாக முத்தமிழ்ச்செல்வியும் எவரெஸ்டில் நின்றார்கள். அவர்களும் எங்காவது ஒரு சிறு பாறையில்தான் தொடங்கியிருப்பார்கள்.

ஆகவே தலைமைச் சகோதரியிடம் எங்கள் விண்ணப்பம்: வரும் மார்கழியிலும் இந்தப் பயணம் வேண்டும். பட்டைகளும் கவசத் தொப்பிகளும் வாடகைக்குத்தான் எடுத்தோம். நன்கொடையாளர் யாரேனும் வாங்கித் தந்தால் செலவு குறையும். கடிதங்களை நவம்பரிலேயே கொடுங்கள். கையெழுத்து வராத பதினெட்டு வீடுகளுக்கும் நாங்களே இருவர் இருவராகப் போய்வருகிறோம். அந்தச் சித்தாள் அம்மாவும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால்.