படுவான்கரைக் காய்ச்சலையும் எண்ணுங்கள்

இலங்கையில் இன்புளுவன்சாவைத் தெரிவுசெய்த சில வைத்தியசாலைகளிலேயே கண்காணிக்கிறார்கள். மாதிரிகள் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்குப் போகின்றன. எந்த வைரஸ் பரவுகிறது என்றறிய இது போதும்; எந்த ஊரில் கூடுகிறது என்றறியப் போதாது. மாரி வெள்ளத்தில் வீதி மூழ்கினால், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் மகிழடித்தீவு, வவுணதீவுப் பக்கத்து நோயாளி நகரத்துக்கு வருவது அரிது. பனடோலும் கொத்தமல்லித் தண்ணீருமாக வீட்டிலேயே கிடப்பவர் எந்தக் கணக்கிலும் இல்லை.

இங்குள்ள காய்ச்சலையும் எண்ணச் சொன்னால், டெங்கு வேலையே தலைக்குமேல் இருக்கையில் இன்னொரு பதிவேடா என்று ஊழியர்கள் கேட்பது நியாயமே. ஆனால் எல்லோரிடமும் சளி மாதிரி கேட்கவில்லை. கிராமிய வைத்தியசாலை வெளிநோயாளர் பிரிவில், 10 நாட்களுக்குள் தொடங்கிய 38 பாகையோ அதற்கு மேலோ காய்ச்சலும் இருமலும் உள்ளவருக்கு ஒரு கோடு. வாரக் கூட்டுத்தொகை சுகாதார வைத்திய அதிகாரிக்கு. வீட்டில் கிடப்பவர் இதிலும் விடுபடலாம்; ஆனாலும் ஏற்றம் தெரியும். தெரிந்தால் கர்ப்பிணிகளையும் முதியோரையும் முன்கூட்டியே எச்சரிக்கலாம்.