மும்பைக்குக் குவிமாடம் மட்டும்தானா?

2019 பிப்ரவரியில், பிரபாகர் பர்வேயின் ஓவியக் கண்காட்சித் தொடக்க விழாவில் நடிகர் அமோல் பாலேகரின் பேச்சை மேடையில் இருந்தவர்களே இடைமறித்ததை ஊரே பார்த்தது. பர்வேயைப் பற்றி மட்டும் பேச வேண்டுமாம். மும்பையின் தேசிய நவீனக் கலைக்கூடத்தில் நின்றுகொண்டு அந்தக் கூடத்துக்கு நேர்ந்ததைப் பேசக்கூடாது என்றால், வேறு எங்கே போய்ப் பேசுவது? ஜே.ஜே. கலைப் பள்ளியில் ஓவியம் பயின்ற பிறகே சினிமாவுக்குப் போனவர் பாலேகர். குத்துவிளக்கேற்ற வந்த நடிகர் என்று எண்ணி அழைத்திருந்தால், தவறு அழைத்தவர்களுடையது.

பேச்சை நிறுத்தியது அநாகரிகம். அவர் பேச வந்த விஷயமோ அதைவிட மோசம். இந்தக் கலைக்கூடத்துக்கு மும்பையிலும் பெங்களூருவிலும் இருந்த, உள்ளூர்க் கலைஞர்கள் இடம்பெற்றிருந்த ஆலோசனைக் குழுக்கள் 2018 நவம்பரோடு இல்லாமல் போயின. எந்தக் கண்காட்சி, யாருடையது, எப்போது என்பதெல்லாம் தில்லியின், அதாவது மத்திய கலாச்சார அமைச்சகத்தின், முடிவு என்றானது. குழுவின் காலம் முடிந்துவிட்டது என்றால் புதிய குழுவை அமைப்பதுதானே முறை? குழுவே வேண்டாம் என்று எந்தக் கலைஞர் கேட்டார்?

இடத்தையும் சுருக்கினார்கள். வெளிக் கலைஞர்களின் கண்காட்சிக்குக் குவிமாடக் கூடம் மட்டும், மற்ற தளங்கள் அரசின் சேகரிப்புக்கு என்பது பாலேகர் அம்பலப்படுத்திய ஏற்பாடு. ஒருவரின் நாற்பது, ஐம்பது ஆண்டு உழைப்பை ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காட்டுவதற்கு இந்த நாட்டில் எத்தனை இடங்கள் இருக்கின்றன? தாணேயில் கதிரியக்க மருத்துவராக இருந்துகொண்டே மும்பையின் உழைப்பாளிகளையும் தெருக்களையும் வரைந்தவர் சுதிர் பட்வர்தன். அவருக்கும் 2018-இல் மறைந்த ஓவியர் மெஹ்லி கோபாய்க்கும் பழைய குழு ஒப்புக்கொண்ட கண்காட்சிகள் நடக்குமா என்பதே அப்போது சந்தேகமாக இருந்தது. சேகரிப்பு மக்கள் பார்வைக்கு வரட்டும், யாரும் தடுக்கவில்லை. உயிரோடு இருக்கும் கலையை வெளியே தள்ளித்தான் அதைத் தொங்கவிட வேண்டுமா?

மும்பைக் கலைக்கூடம் இருக்கும் கட்டடம் 1911-இல் கவாஸ்ஜி ஜஹாங்கீர் பொது மண்டபமாக எழுந்தது. கச்சேரியும் அரசியல் கூட்டமும் நடந்த இடம். பாழடைந்து கிடந்த அதைக் கலைக்கூடமாக்கச் சொல்லிப் போராடியவர்கள் சிற்பி பிலூ போச்கானாவாலா, கெகூ காந்தி போன்ற மும்பைக்காரர்கள். 1996-இல்தான் கதவு திறந்தது. பந்தல் போட்டவர்களைப் பந்தியிலிருந்து எழுப்பும் வேலையைத்தான் தில்லி செய்தது.

இது முதல்முறையும் அல்ல. 2015-இல் லலித் கலா அகாதமியின் நிர்வாகத்தை அமைச்சகமே எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு, தேசிய அருங்காட்சியகத்துக்கு உயிரூட்டிக்கொண்டிருந்த தலைமை இயக்குநரைப் பாதியில் தூக்கியடித்தார்கள். கலை வரலாற்று அறிஞர்கள் எழுப்பிய கண்டனம் காற்றோடு போனது. 2016-இல் இந்திரா காந்தி தேசியக் கலை மையத்தின் அறங்காவலர் குழுவையே மாற்றினார்கள். இவற்றையெல்லாம் நிர்வாகச் சீரமைப்பு என்றே வைத்துக்கொள்வோம். அந்தச் சீரமைப்பால் எந்த ஓவியருக்கு ஒரு சுவர் கூடுதலாகக் கிடைத்தது? விஷயம் தெரிந்தவர்களை வெளியேற்றுவதில் மட்டும் இவர்களுக்கு எப்போதும் தாமதமே கிடையாது. ஒரு மேடையையும் ஒலிவாங்கியையும் பார்த்துப் பயப்படுகிறவர்களிடம் நவீனக் கலையை ஒப்படைத்திருக்கிறோம்.

சென்னையில் இந்தக் கூடத்துக்குக் கிளையே இல்லை. என்றாவது வந்தால், சென்னையை ஒட்டிய சோழமண்டலக் கலைஞர் கிராமத்து ஓவியர்களைப் பற்றியும் தில்லி மேசையில்தான் கோப்பு எழுதுவார்களா என்று நாமும் கேட்க வேண்டியிருக்கிறது.

உள்ளூர்க் கலைஞர்களின் சொல்லுக்கு மதிப்புள்ள ஓர் ஏற்பாடு உடனே திரும்ப வேண்டும். அதற்குக் குழு என்று பெயர் வைப்பதோ வேறு பெயர் வைப்பதோ அவர்கள் பாடு. காலம் முடிந்தது, கோப்பு நகர்கிறது என்ற சாக்குகளைக் கேட்க இனி யாருக்கும் பொறுமையில்லை.