துருவும் ஒரு சான்று

பழம்பொருள் ஈட்டுவோர் சிலர், ஜப்பானிய வாளொன்று கைக்கு வந்தவுடன் அதனைத் தேய்த்து ஒளியூட்டுதலே தம் கடன் என எண்ணுவர். அது பெரும்பிழை.

பிடியைப் பிணிக்கும் மூங்கில் முளையைக் கழற்றின், உள்ளே மறைந்த வாளடி புலப்படும். நகாகோ என்பது அதன் பெயர். கொல்லன் தன் பெயரைப் பொறிப்பது ஆண்டே. ஆயினும் பெயர் பொய்த்தலும் உண்டு. மசமுனே முதலிய புகழ்பெற்றோர் பெயரைப் பிறர் பொறித்த வாள்கள் பல. நெடுவாளைக் குறுக்குவோர் அடியை வெட்டியபோது மெய்ப்பெயர் மறைந்ததும் உண்டு. அந்நிலையில், நூற்றாண்டுகளாகப் படிந்த கருந்துருவும், அரத்தின் வரிகளும், முளைத்துளையுமே வாளின் காலத்தை உணர உதவுவன. ஆதலினன்றோ, அலகைத் தீட்டும் ஜப்பானியக் கலைஞரும் வாளடியின் துருவை அகற்றார்!

கைகாக்கும் தகடாகிய சுபாவிற்கும் இது பொருந்தும். 1876-ஆம் ஆண்டில், படைவீரர், காவலர் முதலியோர் ஒழிந்த ஏனையோர் வாளணிதல் தடையுண்டது. அதன்பின் சுபாக்கள் பல வாளினின்று பிரிந்து அயல்நாடு புகுந்தன. வாளும் பெயரும் இல்லாத இரும்புத் தகட்டிற்கு அதன் கருமேனியே சான்று. சுரண்டின் அது மீளாது.

பொருள் நமதாயினும், அது கூறும் சான்று பின்வருவோர்க்கும் உரியது. தேய்க்குமுன் கற்றல் நன்று.