ஸ்பீட்வே ரசிகருக்கும் சட்டம் வேண்டும்

கிழக்கு லண்டனின் கஸ்டம் ஹவுஸ் பகுதியில் சில குடியிருப்புத் தெருக்களுக்கு வில்கின்சன், யங், க்ரூம்ப்ஸ், ஆட்கின்சன், ஹாஸ்கின்ஸ் என்று பெயர். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து 1938-இல் ஸ்பீட்வே உலக சாம்பியன் ஆனவர் ப்ளூயி வில்கின்சன். 1951, 1952 என்று அடுத்தடுத்து அந்தப் பட்டத்தை வென்றவர் ஜாக் யங். இருவரும் வெஸ்ட் ஹாம் ஸ்பீட்வே அணிக்காக வண்டி ஓட்டியவர்கள். ஜானி ஹாஸ்கின்ஸ் போட்டிகளை நடத்தியவர். அந்த அணி பந்தயம் ஓட்டிய அரங்கம் 1972-இல் இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் வீடுகள் எழுந்தன. பல்லாயிரம் பேர் திரண்ட இடத்தில் எஞ்சியவை தெருப் பெயர்ப்பலகைகள்தான்.

நம் வாசகர்களில் பலர் ஸ்பீட்வேயைப் பார்த்திருக்க மாட்டார்கள். நான்கு பேர், நான்கு சுற்று, ஏறக்குறைய ஒரு நிமிடம். வண்டிக்கு பிரேக் கிடையாது, கியர் ஒன்றே ஒன்று, எரிபொருள் மெத்தனால். பொடிக்கல் பரப்பிய நீள்வட்டத் தடத்தில், வளைவு வந்ததும் பின்சக்கரத்தை வழுக்கவிட்டு, இரும்புத் தகடு கட்டிய இடது காலைத் தரையில் உரசியபடி இடப்பக்கமாகத் திரும்புவார்கள். முதலில் வருபவருக்கு 3 புள்ளி, அடுத்த இருவருக்கு 2, 1, கடைசி ஆளுக்கு ஒன்றுமில்லை. ரசிகர்கள் கையில் நிகழ்ச்சி நிரலும் பேனாவுமாக நின்று ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவையும் தாங்களே எழுதிக்கொள்வார்கள். 1928 பிப்ரவரியில் எப்பிங் காட்டை ஒட்டிய ஹை பீச்சில் நடந்த பந்தயத்தில்தான் பிரிட்டனில் இந்த மோகம் பிறந்தது என்பார்கள். எதிர்பார்த்ததைப் போலப் பல மடங்கு கூட்டம் அன்று வந்து குவிந்தது. 1981-இல் வெம்ப்ளியில் நடந்த உலக இறுதிப் போட்டியை 90 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். உழைக்கும் மக்களின் மாலைப் பொழுதுக்கென்றே உருவான விளையாட்டு இது.

இந்த விளையாட்டின் ரசிகர்களும் கால்பந்து ரசிகர்களும் ஒரே ஏக்கத்தைச் சுமக்கிறார்கள். பழைய மைதானத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவர்கள் நிறுத்துவதில்லை. எந்த வாயில் வழியாக அப்பா கூட்டிப்போனார், எந்தத் தூணுக்குப் பின்னால் நின்றால் கோல் கம்பம் மறையும், மழை வந்தால் எந்தக் கூரை ஒழுகும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். கிழக்கு ஹாமில் வாழும் தமிழர்களுக்குப் பக்கத்து க்ரீன் ஸ்ட்ரீட்டின் சனிக்கிழமைக் கூட்டம் நினைவிருக்கும். 1904 முதல் அங்கே ஆடிவந்த வெஸ்ட் ஹாம் கால்பந்து அணி 2016 மே மாதத்தோடு ஒலிம்பிக் அரங்கத்துக்குக் குடிபெயர்ந்தது. பழைய மைதானம் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. புதிய இடம் பெரியது, இருக்கைகளும் அதிகம். ஆனால் தடகளத்துக்கென்று கட்டிய அரங்கம் என்பதால் ஆடுகளம் எட்ட இருக்கிறது. பழைய மைதானத்தில் எல்லைக்கோட்டில் நின்று பந்தை எறியும் ஆட்டக்காரரின் மூச்சு கேட்கும் தூரத்தில் நின்றவர்களுக்கு அந்த இடைவெளி உறுத்தத்தான் செய்யும்.

இதையெல்லாம் கிழவர்களின் பெருமூச்சு என்று ஒதுக்கித் தள்ளுவது சுலபம். காலம் மாறுகிறது, கட்டடங்களும் மாறத்தான் வேண்டும் என்பார்கள். அந்த வாதத்தின் வலுவான பகுதியை நாம் மறுக்கவில்லை. பழைய மைதானங்கள் உயிர் குடித்திருக்கின்றன. 1985 மே 11 அன்று பிராட்ஃபோர்டில் மரத்தாலான பார்வையாளர் மாடம் சில நிமிடங்களில் எரிந்தது. அடியில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்திருந்த குப்பையில் பிடித்த தீ 56 பேரைக் கொன்றது. 1989-இல் ஹில்ஸ்பரோவின் கம்பி வேலிக்குப் பின்னால் ஏற்பட்ட நெரிசல் 97 உயிர்களைப் பறித்தது. அதன்பின் வந்த டெய்லர் அறிக்கை நின்று பார்க்கும் படிக்கட்டுகளை எடுத்துவிட்டு எல்லோருக்கும் இருக்கை போடச் சொன்னது சரியான முடிவு. ரசிகர்களை மந்தையாக நடத்திய காலத்தை அழகுபடுத்திப் பேசுவதற்கு நமக்கு உரிமை இல்லை.

ஆனால் பல மைதானங்கள் ரசிகரின் உயிரைக் காப்பதற்காக விற்கப்படவில்லை. கடனை அடைக்கவும், நில விலை ஏறியதாலும் விற்கப்பட்டன. பிரைட்டன் அணியின் கோல்ட்ஸ்டோன் மைதானம் 1995-இல் விற்கப்பட்டபோது அணிக்குப் போக வேறு இடமே இல்லை. 1997 ஏப்ரலில் அங்கே கடைசி ஆட்டம் நடந்தது, பிறகு கடைவளாகம் வந்தது. அணியோ சொந்த ஊர் ஆட்டத்தை இரண்டு ஆண்டுகள் கில்லிங்ஹாமில் ஆடியது. அதற்கப்புறம் ஒரு தடகள மைதானத்தில் ஒண்டுக்குடித்தனம். சொந்த அரங்கம் கிடைக்க 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் அந்த அணியை அழியாமல் காத்தவர்கள் ரசிகர்கள். விற்றவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஏக்கத்தை நாம் மதிப்பதற்கு இதுதான் காரணம். அது வெறும் நினைவாக நின்றுவிடுவதில்லை, வேலை செய்யும். லண்டனின் சார்ல்டன் அணி 1985-இல் வேலி என்ற தன் மைதானத்தை விட்டு வெளியேறியது. திரும்பிவர உள்ளாட்சி அனுமதி மறுக்கப்பட்டபோது ரசிகர்கள் ஒரு கட்சியே தொடங்கினார்கள். 1990 கிரீனிச் உள்ளாட்சித் தேர்தலில் வேலி கட்சி என்ற பெயரில் நின்று 14,838 வாக்கு வாங்கினார்கள். ஓர் இடத்தைப் பற்றிய நினைவு மட்டுமே அவர்களுடைய தேர்தல் அறிக்கை. 1992 டிசம்பரில் சார்ல்டன் வீடு திரும்பியது. வாக்குச்சாவடிவரை போகும் நினைவைப் பெருமூச்சு என்று யாரும் சொல்ல முடியாது. ஓர் இடத்துக்குத் தலைமுறை தலைமுறையாக நுழைவுச் சீட்டு வாங்கியவர்கள் அதன் மீது உரிமை கோருகிறார்கள். பத்திரத்தில் அவர்கள் பெயர் இல்லை என்பதால் அந்த உரிமை பொய்யாகிவிடாது.

பிரிட்டன் நாடாளுமன்றமே இதை ஒப்புக்கொண்டுவிட்டது. 2025 ஜூலையில் நிறைவேறிய கால்பந்து நிர்வாகச் சட்டம் தனி ஒழுங்குமுறை அமைப்பு ஒன்றை ஏற்படுத்தியிருக்கிறது. இங்கிலாந்தின் மேல்நிலை அணிகள் தங்கள் சொந்த மைதானத்தை விற்கவோ இடம் மாறவோ இனி அதன் ஒப்புதல் வேண்டும். நல்ல சட்டம், காலம் கடந்து வந்தாலும் வரவேற்கத்தக்கது. சட்டத்துக்குக் காத்திராமல் நல்லது நடந்த இடமும் உண்டு. லிவர்பூலில் எவர்ட்டன் ஆண்கள் அணி 1892 முதல் ஆடிய கூடிசன் பார்க்கிலிருந்து 2025 மே மாதம் விடைபெற்றது. மூலையில் ஒரு தேவாலயம் ஒட்டிக்கொண்டு நிற்கும் மைதானம் அது. ரசிகர்கள் பலரின் அஸ்தி அந்த மண்ணில் இருக்கிறது. இடித்துவிடும் திட்டம்தான் முதலில் இருந்தது. கடைசியில் அதை எவர்ட்டன் பெண்கள் அணியின் சொந்த மைதானம் ஆக்கினார்கள். பழைய இடத்தை வைத்து என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை.

கால்பந்து ரசிகருக்கு இவ்வளவும் கிடைத்தது. ஸ்பீட்வே ரசிகருக்கு என்ன கிடைத்தது?

2019-இல் பிரிட்டனின் உச்ச லீக்கை வென்ற அணி ஸ்விண்டன். அடுத்த ஆண்டு பெருந்தொற்றால் பந்தயங்கள் நின்றன. பிறகு ஸ்பீட்வே அந்த அரங்கத்துக்குத் திரும்பவே இல்லை. 2021-இல் அதே பட்டத்தை வென்றது பீட்டர்பரோ. 1970 முதல் ஓடிய தடத்தில் 2023-ஓடு அதன் கதை முடிந்தது, நிலத்தை வைத்திருந்தவர்களுக்கு வேறு திட்டம் இருந்தது. அதே ஆண்டில் வுல்வர்ஹாம்ப்டன் அணியும் வெளியேற்றப்பட்டது. இரண்டு சாம்பியன்கள் இடமிழந்து நிற்கும் நிலை வேறெந்த விளையாட்டில் வந்திருந்தாலும் நாடே பேசியிருக்கும். இதைப் பற்றி ரசிகர்கள் மட்டும்தான் பேசினார்கள்.

ஏன் இப்படி? பெரும்பாலான ஸ்பீட்வே அணிகள் குத்தகைக்காரர்கள். தடம் அவர்களுடையது அல்ல. பல ஊர்களில் நாய்ப் பந்தய அரங்கத்தின் உள்வட்டத்திலோ வெளிவட்டத்திலோ வாரத்துக்கு ஒரு மாலை இடம் வாங்கி நடத்துகிறார்கள். நாய்ப் பந்தயத்துக்கு வருமானம் குறைந்தால் அரங்கம் விற்பனைக்கு வரும், கூடவே ஸ்பீட்வேயும் போகும். நாய்ப் பந்தயம் நன்றாக நடந்தால் அதற்குக் கூடுதல் நாள் வேண்டும் என்று ஸ்பீட்வேயை அனுப்பிவிடுவார்கள். எப்படிப் போனாலும் தெருவில் நிற்பது ஸ்பீட்வேதான்.

சட்டத்தின் ஓட்டை இங்கேதான் இருக்கிறது. 2011-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின்படி ஒரு மைதானத்தைச் சமூக மதிப்புள்ள சொத்து என்று பட்டியலில் சேர்க்கலாம். சேர்த்துவிட்டால் விற்பனை வரும்போது ஊர்க்காரர்கள் விலை பேச ஆறு மாதம் அவகாசம் கிடைக்கும். ஆனால் அவர்களுக்குத்தான் விற்க வேண்டும் என்று உரிமையாளருக்குக் கட்டாயம் இல்லை. 2025 ஜூலையில் அரசு கொண்டுவந்த அதிகாரப் பரவல் மசோதா, முதலில் வாங்கும் உரிமையை ஊர்க்காரர்களுக்குத் தர முன்வந்தது. முன்னேற்றம்தான். இருந்தாலும் இரண்டுமே விற்பனை நடந்தால்தான் உயிர்பெறும். விற்காமலேயே குத்தகையை நீட்டிக்க மறுத்தால்? வுல்வர்ஹாம்ப்டனில் அரங்கம் விற்கப்படவில்லை. நாய்கள் தொடர்ந்து ஓடின, மோட்டார் சைக்கிள்கள் மட்டும் வெளியே அனுப்பப்பட்டன. விற்பனையை மட்டும் பார்த்துக் காவல் காக்கும் சட்டத்தின் கண்ணில் இது படாது. ஆகவே பாதுகாப்பு, பத்திரம் கைமாறுவதைப் பொறுத்து இருக்கக்கூடாது. அந்த இடத்தில் என்ன விளையாட்டு நடக்கிறது என்பதைப் பொறுத்து இருக்க வேண்டும்.

விம்பிள்டன் கதையை இங்கே சொல்லியாக வேண்டும், அது நம்மைச் சங்கடப்படுத்தும் கதை என்றாலும். விம்பிள்டன் கால்பந்து அணி 1991-இல் ப்ளவ் லேன் மைதானத்தை இழந்தது. 2002-இல் அணியை மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோக அனுமதி கிடைத்ததும், ரசிகர்கள் ஏஎஃப்சி விம்பிள்டன் என்று புது அணியைத் தொடங்கி அடிமட்ட லீக்கிலிருந்து ஏறி வந்தார்கள். 2020 நவம்பரில் அதே ப்ளவ் லேனில் புதிய மைதானம் கட்டித் திரும்பினார்கள். உலகக் கால்பந்து ரசிகர்கள் கொண்டாடும் வெற்றி அது, நாமும் கொண்டாடுகிறோம். ஆனால் அந்தப் புதிய மைதானம் எழுந்த இடத்தில் முன்பு இருந்தது, 1928 முதல் விம்பிள்டன் டான்ஸ் ஸ்பீட்வே அணி ஓடிய அரங்கம். டான்ஸ் 2005-லேயே நின்றுபோனது, 2017-இல் நாய்ப் பந்தயமும் முடிந்தது. ஒரு கூட்டத்தின் ஏக்கம் தீர்ந்த அதே மண்ணில் இன்னொரு கூட்டத்தின் ஏக்கம் புதைந்தது. இதில் கால்பந்து ரசிகர்களின் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் ஒழுங்காகத் திரண்டு, பணம் சேர்த்து, வழக்காடத் தெரிந்தவர்களுக்கு மட்டும் இடம் திரும்பக் கிடைக்கும் என்றால், சிறிய விளையாட்டுகளுக்கு நாட்டில் இடமே இருக்காது.

வீடு வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். இங்கிலாந்தில் வீட்டுப் பற்றாக்குறை உண்மையான துன்பம், அதை நாம் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் ஊரில் எஞ்சியிருக்கும் ஒரே பந்தயத் தடத்தை அழித்துத்தான் அந்தத் துன்பத்தைத் தீர்க்க வேண்டும் என்பதில்லை. ஆக்ஸ்ஃபோர்டைப் பாருங்கள். அங்கே 2007-இல் ஸ்பீட்வேயும் 2012-இல் நாய்ப் பந்தயமும் நின்றன. வீடு கட்ட விண்ணப்பம் வந்தது. மாநகராட்சி அதை மறுத்து, அரங்கத்தைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது. பூட்டிக் கிடந்த அரங்கத்தில் 2022-இல் மோட்டார் சைக்கிள்கள் மறுபடி சீறின. பதினைந்து ஆண்டு மூடிக்கிடந்த தடம் உயிர்பெறும் என்றால், எந்தத் தடத்தையும் செத்துவிட்டது என்று அவசரப்பட்டு எழுதிவிடக்கூடாது.

கவென்ட்ரி அணியின் பிராண்டன் அரங்கம் இந்தப் பாடத்துக்கு நேர் எதிரான எச்சரிக்கை. 1928-இல் ஸ்பீட்வே தொடங்கிய இடம் அது. 2016-க்குப் பின் கதவு மூடப்பட்டது. அதன்பின் தீவைப்பும் சூறையாடலும்தான். 2022-இல் வீட்டுத் திட்டத்துக்கு ரக்பி ஊர் உள்ளாட்சி அனுமதி மறுத்தது, அதற்கு ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் போராடியதும் ஒரு காரணம். ஆனாலும் பந்தயம் திரும்பவில்லை. அனுமதி மறுப்பதால் இடிப்பது நிற்கும், விளையாட்டு நடக்காது. சிதையவிட்டுப் பிறகு, இனி இது எதற்கும் உதவாது என்று விண்ணப்பிப்பவருக்கு அந்தச் சிதைவே சாட்சியாகிவிடக்கூடாது.

மாற்று இடம் தருகிறோம் என்ற வாக்குறுதியையும் அப்படியே நம்பமுடியாது. மான்செஸ்டரில் பெல் வ்யூ அணி 1987-இல் புகழ்பெற்ற ஹைடு ரோடு தடத்தை இழந்தது. அதற்கெனவே கட்டிய தேசிய ஸ்பீட்வே அரங்கம் திறக்க 2016 ஆனது. நடுவில் 28 பருவங்கள் பக்கத்து நாய்ப் பந்தய அரங்கத்தில் ஓட்டினார்கள். புதிய அரங்கத்தின் திறப்பு விழாப் பந்தயமே தடத்தின் மேற்பரப்பு சரியில்லாமல் தள்ளிவைக்கப்பட்டது. பிறகு சீராகிவிட்டது, இன்று நாட்டின் மிகச் சிறந்த தடங்களில் ஒன்று என்று பெயர் வாங்கியிருக்கிறது. ஹைடு ரோட்டில் நின்றவர்கள் பலர் அதைப் பார்க்க இருக்கவில்லை.

ஆகவே நாம் கேட்பவை இவை. கால்பந்து மைதானங்களுக்குக் கிடைத்த ஒப்புதல் விதி, பார்வையாளர் வசதியுள்ள எல்லா விளையாட்டு அரங்கங்களுக்கும் விரிய வேண்டும். அந்த விதி நிலத்தின் உரிமையாளரையும் கட்டுப்படுத்த வேண்டும், குத்தகையை முடிப்பதும் விற்பனைக்குச் சமமாகக் கருதப்பட வேண்டும். மாற்றுத் தடத்தில் முதல் பந்தயம் ஓடி முடிந்த பிறகே பழைய தடத்தில் இயந்திரம் இறங்கலாம். மூடிவிட்டுச் சிதையவிடும் உரிமையாளருக்கு அந்தச் சிதைவைக் காட்டி வீட்டு அனுமதி கேட்கும் வழி அடைக்கப்பட வேண்டும்.

சனிக்கிழமை கால்பந்து பார்ப்பவருக்கு நாடாளுமன்றம் செய்ததை வியாழக்கிழமை இரவு ஸ்பீட்வே பார்ப்பவருக்கும் செய்ய வேண்டும். மீதமிருக்கும் தடங்கள் சிலவே. இந்த நாடாளுமன்றத்தின் காலம் முடிவதற்குள் அந்தத் திருத்தம் வர வேண்டும்.