கன்று குற்றவாளியா?

தோழனே!

ஆரூரில் அரசிளங்குமரன் ஊர்ந்த தேரின் சக்கரத்தில் கன்றொன்று சிக்கி மாண்டது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது. "கன்றுதானே குறுக்கே பாய்ந்தது, குற்றம் அதனுடையது" என்று கூறி வழக்கை மூடினானா மனுநீதிச் சோழன்? இல்லை! தேரேறியவன் தன் மகனே என்றறிந்தும் தயங்கினானில்லை. கதையென்றே கொள்வோம். ஆயினும் வலியவனிடமிருந்து விசாரணை துவங்கட்டும் என்பதன்றோ அக்கதை கூறும் நீதி!

அந்த நீதியைத் திருப்பெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே தேடிப் பார். காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் உருவாகி, கடல் கடந்து செல்லும் பூமி அது. அவற்றை உருவாக்கும் தொழிலாளியோ, இரவு ஷிப்டு முடிந்து, கன்டெய்னர் லாரிகளின் நடுவே, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இரு சக்கர வண்டியில் வீடு திரும்புகிறான்.

2022-ஆம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டுச் சாலைகள் விழுங்கிய உயிர்கள் 17,884. போர்க்களத்துக் கணக்கா இது? போக்குவரத்துக் கணக்கு, தோழனே!

ஆகவே, சட்டம் வேண்டாம் என்று கூறேன். 2019-இல் டெல்லி மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்திற்று. 2022 அக்டோபரில் தமிழக அரசு அபராதத் தொகையை உயர்த்திற்று. தலைக்கவசம் இல்லையேல் முன்பு 100 ரூபாய். உயர்ந்தபின் 1,000 ரூபாய். உயிர் காக்கும் விதி, ஏற்கிறேன். கொடி கட்டிய வண்டியில் வெறுந்தலையோடு ஊர்வலம் வரும் நம் தோழருக்கும் அவ்விதி உண்டு. கொடி கொள்கையைக் காக்கும், மண்டையைக் காக்காது!

ஆனால், அதே திருத்தத்தில் 198-ஏ என்றொரு பிரிவும் இருக்கிறது. சாலையை வகுத்தவரும், போட்டவரும், பராமரிப்பவரும் பாதுகாப்பு நெறியைக் கைவிட்டு, அதனால் ஒருவர் மாண்டாலோ ஊனமுற்றாலோ, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது அது.

தொழிலாளியின் தவறுக்குச் சாலையோரத்திலேயே சீட்டு! விளக்கில்லாத திருப்பத்துக்கு, நடந்து கடக்க வழியில்லாத சந்திப்புக்கு, மழை மூடிய பள்ளத்துக்குச் சீட்டு எழுதுவது யார்? காவலருக்கு மேலும் அதிகாரம் கொடு என்போர், அந்த அதிகாரம் எவர் பக்கம் திரும்பும் என்பதையும் சேர்த்துக் கூறட்டும்.

1997-இல் ஸ்வீடன் நாடாளுமன்றம் ஒரு கொள்கையை ஏற்றது. மனிதன் தவறத்தான் செய்வான். அத்தவறுக்கு உயிர் விலையாகாதபடி சாலையை அமைப்பது அமைத்தவரின் கடமை என்றது. பணக்கார நாட்டுப் பேச்சென்று தள்ளாதே. பள்ளத்தை மூடப் பணமில்லாத நாடா நாம்?

நாம் கேட்பது இரண்டு. ஒவ்வொரு சாவுக்குப் பின்னும், வண்டியோட்டியோடு சாலையையும் விசாரியுங்கள். விசாரணையின் முடிவை அவ்வூர் ஊராட்சி அலுவலகத்தின் பலகையில் ஒட்டுங்கள்.

சிலருக்கே உரியதென்று மறைக்கப்பட்டதைக் கோபுரமேறி எல்லோருக்கும் உரைத்தார் என்று போற்றப்படும் இராமானுசர் பிறந்த ஊர் திருப்பெரும்புதூர். அங்கே சட்டத்தின் சுமை மட்டும் எளியவனுக்கே உரியதாகலாமா?

தலைக்கவசம் அணிந்து வா, தோழனே. ஆராய்ச்சி மணியை நாம் அசைப்போம்!