கணக்கில் ஏறாத நாழிகை

அலுவலக மின்னஞ்சலை வீட்டிலிருந்தபடியே திறந்து பார்ப்பதற்கு வசதி செய்து தருவது, நிர்வாகம் ஊழியருக்கு மனமுவந்து அளிக்கும் சலுகை என்றும், அதைப் பெற்றவர் நம்பிக்கைக்குப் பாத்திரமானவர் என்றும், அதைக் குறை சொல்பவர் உழைக்க மனமில்லாதவர் என்றும் ஓர் அபிப்பிராயம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. முதலாளிகள் மட்டும் இப்படி எண்ணினால் வியப்பில்லை. அந்த வசதியின் பாரத்தைச் சுமக்கிறவர்களே அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள் என்பதுதான் என் நெஞ்சை உறுத்துகிறது.

என் மகள் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறாள். ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதரை மணிக்கு, அவள் தட்டில் இரண்டாவது தோசை விழுந்த சமயம், மேசையோரம் கவிழ்த்து வைத்திருந்த கைப்பேசி அதிர்ந்தது. இடது கையால் புரட்டிப் பார்த்தாள். ஒரு பில்லின் தொகை பேரேட்டோடு ஒத்துவரவில்லை என்று மேலதிகாரி எழுதியிருந்தார். அவசரமில்லை, திங்கட்கிழமை பார்த்தால் போதும் என்று நல்லெண்ணத்தோடு கடைசியில் சேர்த்தும் இருந்தார். எழுதியவருக்கு அந்தக் காரியம் அந்த நிமிஷத்தோடு தீர்ந்துபோயிற்று. படித்தவளுக்கோ அப்போதுதான் தொடங்கிற்று. தோசை ஆறிப்போயிற்று. மறுநாள் காலை கோயில் பிராகாரத்தைச் சுற்றி வருகையில், தவறு எந்தப் பதிவில் நேர்ந்திருக்கும் என்று அவள் உதடு அசைய எண்ணிக்கொண்டு நடந்ததைக் கண்டேன். ஒரு கடிதத்தைப் படிப்பதெல்லாம் வேலையா என்று கேட்கிறவர்கள், கணக்கெழுதுகிறவளுக்கு யோசிப்பதே தொழில் என்பதையும், அந்த யோசனையை அவள் சனி ஞாயிறு இரண்டு நாளும் சம்பளமின்றிச் செய்தாள் என்பதையும் தயவுசெய்து எண்ணிப் பார்க்கவேண்டும்.

நாளுக்கு எட்டு மணி நேரம் என்ற எல்லை ஒருவர் தயவால் கிடைத்ததன்று. 1886 மே மாதத்தில் சிகாகோ நகரத்துத் தொழிலாளர்கள் அதற்காகத் தெருவில் இறங்கினார்கள், உயிரையும் பறிகொடுத்தார்கள். அந்தப் போராட்டத்தின் நினைவான மே தினத்தை 1923-இல் சென்னைக் கடற்கரையில் தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் கொண்டாடினார். 1947-இல் சென்னை மாகாணத்தில் இயற்றிய கடைகள், நிறுவனங்கள் சட்டம், நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரையறுத்து, அதற்கு மேற்பட்ட வேலைக்கு இரட்டிப்பு ஊதியம் விதித்தது. இத்தனை பாடுபட்டுக் கட்டிய மதிலில், உள்ளங்கையளவு கருவி ஒன்று சத்தமில்லாமல் வாசல் திறந்துவிட்டது.

அதே சிகாகோவில், ஓய்வு நேரத்திலும் பிளாக்பெரி கைப்பேசியில் அலுவல் பார்த்த காவல் துறையினர், அதற்குரிய ஊதியம் கேட்டு வழக்குத் தொடுத்தார்கள். அவர்கள் செய்தவற்றுள் ஊதியத்துக்குரிய வேலையும் உண்டென்று விசாரணை நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. ஆயினும், அந்த நேரத்தை உரிய படிவத்தில் எழுதிக் கொடுக்காதபடியால் நகர நிர்வாகம் அதை அறிந்திருந்ததாகக் கொள்ள இயலாதென்று வழக்குத் தள்ளுபடியாயிற்று. 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அத்தீர்ப்பையே உறுதிசெய்தது. காவல் துறையினரின் கதியே இதுவென்றால், வீட்டிலிருந்து மடிக்கணினியைத் திறக்கும் குமாஸ்தாவின் நாழிகையை எந்த ஏட்டில் தேடுவது?

குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்துவர நான்கு மணிக்கே கிளம்பும் தாய், மீதி வேலையை இரவில் முடிக்க இந்த வசதி உதவுகிறதே என்பார்கள். மெய்தான், நேரத்தை மாற்றிவைத்துக்கொள்வதோடு நின்றால் எனக்கு ஒரு வழக்குமில்லை. ஆனால் நான்கு மணிக்குக் கிளம்பியது வருகைப் பதிவேட்டில் ஏறுகிறது. இரவு பதினொன்று வரை விழித்திருந்தது எதிலும் ஏறுவதில்லை. அவசரம் என்ற வாதமும் நிற்காது. அவசரம் மெய்யாகவே நேரும் ஆஸ்பத்திரியில் இரவுப் பணிக்கு முறைப்பட்டியல் உண்டு. இன்று யார் விழித்திருக்கவேண்டும் என்பது எழுத்தில் இருப்பதனால்தான் மற்றவர்கள் நிம்மதியாக உறங்குகிறார்கள். எல்லோரும் எப்போதும் விழித்திருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கும் இடத்தில், அவசரத்துக்கு ஆள் வைக்கும் செலவை ஊழியர்களின் தூக்கத்திலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள் என்றே நான் சொல்வேன்.

வேலை நேரம் முடிந்து அரை மணி கழிந்ததும், ஊழியர்களின் கைப்பேசிக்கு மின்னஞ்சல் போவதை நிறுத்திவிட ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் 2011-லேயே ஒப்புக்கொண்டது. கார்கள் அதன் பிறகும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. பிரான்ஸ் தேசத்தில் 2017 ஜனவரி முதல், தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை சட்டத்தில் இடம்பெற்றிருக்கிறது. நம் மக்களவையில் 2018-இல் உறுப்பினர் சுப்ரியா சுலே இதே நோக்கத்தோடு கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை.

ஆகவே வீட்டளவிலேனும் ஒரு கணக்கு இருக்கட்டும் என்று, பால் கணக்கு எழுதும் நாட்காட்டியிலேயே, ஒவ்வோர் இரவும் ஆபீஸ் மெயிலுக்குப் போன நிமிஷங்களை எழுதும்படி மகளிடம் சொன்னேன். மாத முடிவில் கூட்டிப் பார்த்தபோது ஒரு முழு நாள் வேலைக்கு மேலேயே வந்தது. அதை அப்படியே நிர்வாகத்துக்கு எழுதிக் கொடு என்றேன். அவள் நாட்காட்டியை ஆணியில் திரும்ப மாட்டிவிட்டு, "எழுதிக் குடுத்தா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்கப்பா?" என்றாள்.