கயிறு பிடிப்பவனின் பாடம்
நாடகம் படிக்கும் பிள்ளை ஒரு குழுவில் சம்பளமில்லாமல் எடுபிடி வேலை செய்வது வீண் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ந. முத்துசாமி 1977-இல் சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவில் நடிகர் விஜய் சேதுபதி கணக்கெழுதிக்கொண்டே நடிகர்களைப் பக்கத்திலிருந்து கவனித்தார். அதுவே அவருக்குப் பயிற்சியானது. படுதாக் கயிற்றைப் பிடித்தபடி வசனத்தின் கடைசிச் சொல்லுக்காகக் காத்திருப்பவனுக்கு, நடிகர் எங்கே மூச்சு வாங்குகிறார் என்பது பிடிபட்டுவிடும். மலேசியாவின் மலாக்காவில் ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்ட லயத்துச் சனம் பட்டணத்துக்குப் பெயர்ந்தபின், நாடகக் குழுக்களில் அந்தக் கயிற்றைப் பிடிக்கவும் ஆள் வேண்டியிருக்கிறது.

இது சுரண்டல் இல்லையா? வரம்பில்லாவிட்டால் சுரண்டல்தான்; கணக்கெழுதுவதும் கூலிக்குரிய வேலைதானே. ஆகவே பஸ் காசும் சாப்பாடும் குழு கொடுக்கட்டும், நோட்டீஸில் பெயர் போடட்டும். மலாக்காவின் ஜாசினிலிருந்து ஒத்திகைக்கு வரும் பிள்ளை கைக்காசைச் செலவழிக்கக் கூடாது.